பொய்ச்சுற்று இலக்கணம்

பாயிரம்

யானைக்கும் குதிரைக்கும் நவமணிக்கும் கனவுக்கும், பல்லி விழுவதற்கும்கூட நம் முன்னோர் பலன் எழுதி வைத்திருக்கிறார்கள். செம்பையும் ஈயத்தையும் தொடாமல் கணினிக்குள்ளேயே மின்சுற்றை ஓட்டிப் பார்க்கும் கலைக்கு மட்டும் இலக்கணம் செய்வாரைக் காணோம். கல்லூரியில் இதைச் சிமுலேஷன் என்கிறார்கள். கலைச்சொல் அகராதிக்காரர்கள் உருவகப்படுத்துதல் என்கிறார்கள். முன்னது நாவுக்கு எளிது, பின்னது தேர்வுத்தாளுக்கு அழகு. இந்நூல் இரண்டையும் விடுத்துப் ‘பொய்ச்சுற்று’ என்றே ஆளும்.

பாயிரத்துக்கு உறுப்பு எட்டு என்பது மரபு. அவற்றை முறையே சொல்லிவிடுவோம்.

ஆக்கியோன் பெயர்: அடக்கம் கருதி விடப்பட்டது. வழி: கலிபோர்னியாவின் பெர்க்லி. எல்லை: நாற்புறமும் லினக்ஸ். வைன் என்னும் தோணியேறி எல்லை கடந்து வருவனவற்றுக்கு ஓரிடத்தில் மட்டும் விருந்தோம்பல் உண்டு. நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: தொகைவிரி, அதாவது ஒரு வரியில் சொல்லத்தக்கதைப் பத்து வரியில் சொல்லுதல். நுதலிய பொருள்: கட்டற்ற மென்பொருளால் மின்சுற்றைப் பாவித்தல். கேட்போர்: ஈ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவர், அவருக்குப் பாடம் எடுப்பவர், பணி ஓய்வுக்குப் பின் ரேடியோ கட்டத் தொடங்கியவர் என மூவர். பயன்: ரிச்சி தெருவில் வாங்கிய டிரான்சிஸ்டர்களில் சிலவாவது உயிரோடு மிஞ்சுதல்.

இயல் 1: சுற்றியல்

மெய்ச்சுற்று பொய்ச்சுற் றெனச்சுற் றிரண்டே;
புகைவது முன்னது, புகையாது பின்னது.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், சுற்றின் வகையும் அவ்வகை தம்முள் வேறுபடும் இடமும் உணர்த்துதல் நுதலிற்று.

மெய்ச்சுற்றாவது கையால் தொடத்தக்கது. சில வேளை அதுவும் நம்மைத் தொடும். பொய்ச்சுற்றாவது நான்கைந்து வரி எழுத்து. இன்ன உறுப்பு, இன்ன முனையிலிருந்து இன்ன முனைக்கு, இன்ன மதிப்பு என்று எழுதிக் கொடுத்தால், கணினி ஒவ்வொரு முனையின் மின்னழுத்தத்தையும் கணக்கிட்டுச் சொல்லும். அந்த எழுத்துக்கு நெட்லிஸ்ட் என்று பெயர்.

புகை ஏன் வேறுபாட்டுக்கு அளவுகோல் ஆயிற்று? 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றை 230 வோல்ட்டில் மாட்டினால் 2.3 ஆம்பியர் ஓடும், 529 வாட் வெப்பம் எழும். மெய்ச்சுற்றில் இதைக் கணக்கிட அவகாசம் இராது, மூக்கே சொல்லிவிடும். பொய்ச்சுற்றில் அதே ரெசிஸ்டர் 2.3 ஆம்பியரைத் தாங்கிக்கொண்டு ஊழிக்காலம் வரை உட்கார்ந்திருக்கும். ஏனெனில் அது கால் வாட் என்று நாம் எழுதவில்லை. எழுத இடமும் இல்லை. ஆகவே இந்நூல் முழுதுக்கும் அடிப்படையான விதி இங்கே பெறப்படும்: பொய்ச்சுற்று எழுதியபடி நடக்கும், நினைத்தபடி நடக்காது.

பட்டறையார் என்னும் ஒரு சாரார் இதை மறுப்பர். “சால்டர் வெச்சுப் பாத்தாத்தான்யா தெரியும்” என்பது அவர் வாதம். ஆய்வகத்தார் என்னும் பிறிதொரு சாரார், ஒரு ரெசிஸ்டருக்கு ஐம்பது மதிப்பு மாற்றிப் பார்க்க வேண்டுமானால் ஐம்பது முறை சால்டர் வைப்பீரோ என்பர். மேலும், ஆசிலாஸ்கோப்பின் முனையை வைத்ததுமே மெய்ச்சுற்றின் நடத்தை சற்று மாறும், ஏனெனில் முனையும் ஒரு சுமை. பொய்ச்சுற்றில் எல்லா முனையிலும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கலாம், பார்த்ததே அதற்குத் தெரியாது. இரு சாராரும் சரியே என்பது எம் துணிபு. எந்த உரையாசிரியரும் சம்பளம் வாங்கும் இடத்தில் இப்படித்தான் எழுதுவார்.

இயல் 2: மரபியல்

முதல்வழி சார்பென மூவகைப் படுமே
பெர்க்லி வழிவந்த பொய்ச்சுற் றியந்திரம்.

முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பை நம் இலக்கணிகள் இந்த இயந்திரங்களுக்காகவே செய்து வைத்தார்களோ என்று ஐயுறும்படி அது இங்கே பொருந்துகிறது.

முதனூல் ஸ்பைஸ். அதற்கும் முந்தையது ஒன்று உண்டு. 1960களின் இறுதியில் அமெரிக்காவில் சுற்றுப் பாவனை நிரல்கள் பலவும் பாதுகாப்புத் துறைப் பணத்தில் எழுதப்பட்டன. அணுக்கதிர் பட்டால் சுற்று என்னவாகும் என்று கணக்கிடுவது அவற்றின் கடமைகளில் ஒன்று. பெர்க்லியில் ரானல்டு ரோரரின் வகுப்பில் பிறந்த நிரலுக்குக் கேன்சர் என்று பெயர் வைத்தார்கள். ‘நேரியலல்லாத சுற்றுகளின் கணினிப் பகுப்பாய்வு, கதிர்வீச்சு நீங்கலாக’ என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துகள் அவை. பெயரிலேயே ‘நீங்கலாக’ என்று எழுதி எதிர்ப்பைத் தெரிவித்த மென்பொருள் வேறு உண்டா என்று ஆராய்தல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அவ்வகுப்பின் மாணவர் லாரன்ஸ் நேகல், பின்னர் டானல்டு பெடர்சனின் வழிகாட்டுதலில் அதைத் திருத்தி எழுதினார். 1973இல் அது ஸ்பைஸ் என்னும் பெயரோடு வெளிவந்தது. புற்றுநோய் மசாலா ஆயிற்று. 1975இல் இரண்டாம் பதிப்பு. இரண்டும் ஃபோர்ட்ரான் மொழி. மூன்றாம் ஸ்பைஸைத் தாமஸ் குவார்ல்ஸ் சி மொழியில் எழுதினார். கேட்டவர்க்கெல்லாம் நிரலைக் கொடுத்துவிட வேண்டும், திருத்தியவர் திருத்தத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது பெடர்சனின் கொள்கை. கட்டற்ற மென்பொருள் என்ற சொல் பிறக்கும் முன்பே அதன் ஒழுக்கம் பிறந்துவிட்டது.

வழிநூல் என்ஜிஸ்பைஸ். மூன்றாம் ஸ்பைஸின் கடைசிப் பதிப்பை எடுத்து, ஜார்ஜியா டெக் செய்த எக்ஸ்ஸ்பைஸையும் பெர்க்லியின் சைடரையும் அதனோடு சேர்த்து இன்றுவரை பலர் செப்பனிட்டு வருவது. முதனூலோடு பெரும்பான்மை ஒத்து, வேண்டிய விகற்பம் கூறுவதே வழிநூல் என்பார்கள். அப்படியே இதுவும்.

சார்புநூல்கள் பல. பிரான்சில் ழான்-பியர் ஷரா 1992இல் தொடங்கிய கைகேட், அச்சுப்பலகை வரைவதற்கென்றே பிறந்தது. 2018இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு என்ஜிஸ்பைஸை உள்ளே குடிவைத்தது. வரைந்த படத்தையே ஓட்டிப் பார்க்கலாம் என்றானது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபோசி திட்டத்தார் செய்த ஈசிம் நம் நாட்டுச் சரக்கு. கைகேட்டையும் என்ஜிஸ்பைஸையும் ஒரே கூரையில் சேர்த்தது. முன்பு ஆஸ்கேட் என்றும் ஃப்ரீ-ஈ.டி.ஏ. என்றும் பெயர் பூண்டிருந்தது. இது மூன்றாம் பிறவி. எக்ஸ்ஸ்கீம் சிப்புக்குள் இருக்கும் சுற்றை வரைவோர்க்கு உரியது. 2020இல் கூகுளும் ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் சிப் தொழில்நுட்பத்தின் விவரங்களைப் பொதுவில் வைத்தபின் மாணவர்களும் அந்தக் களத்துக்குள் வந்தார்கள். எக்ஸ்ஸ்கீமில் வரைந்து என்ஜிஸ்பைஸில் ஓட்டுவது அவர்கள் வழக்கம்.

இம்மூன்றிலும் அடங்காத வேற்றுக்குடியும் உண்டு. அல் டேவிஸின் ஜினூகேப் தனக்கென்று ஒரு கணிப்பு இயந்திரம் கொண்டது. க்யூக்ஸ் அதிர்வெண் மிகுந்த ரேடியோச் சுற்றுகளின் பக்கம் சாய்ந்தது. அதன் கிளையான க்யூக்ஸ்-எஸ் மனம் மாறி என்ஜிஸ்பைஸையே துணைக்கு அழைத்துக்கொண்டது. ஸைஸ் என்பது பல கணிப்பிகளைப் பூட்டி ஏர் உழுவது, பெருஞ்சுற்றுகளுக்கு ஆனது. அமெரிக்காவின் ஸாண்டியா ஆய்வகம் அதைச் செய்து 2013இல் கட்டவிழ்த்துவிட்டது. ஸாண்டியாவின் முதன்மைத் தொழில் அணு ஆயுதப் பொறியியல். கதிர்வீச்சு நீங்கலாக என்று தொடங்கிய குலத்துக்கு ஒரு பங்காளி அங்கிருந்து வந்து சேர்ந்தான்.

இயல் 3: உரிமையியல்

காசும் கட்டும் கணக்கிடுங் காலை
நால்வகைப் படுமே நவின்ற மென்பொருள்.

ஆங்கிலத்தார் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டாக விளக்கம் சொல்லி வருகிறார்கள். தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. ரேஷன் கடை வாசலில் நிற்பவருக்கு முன்னது தெரியும். அவிழ்த்துவிட்ட கன்றைப் பார்த்தவருக்குப் பின்னது தெரியும்.

காசுமின்றிக் கட்டுமின்றி வருவது முதல் வகை. என்ஜிஸ்பைஸ், கைகேட், ஜினூகேப், ஸைஸ் முதலியன.

காசின்றிக் கட்டோடு வருவது இரண்டாம் வகை. எல்டிஸ்பைஸ் இதற்குச் சான்று. லீனியர் டெக்னாலஜி நிறுவனம் செய்தது, இப்போது அனலாக் டிவைசஸ் வசம் உள்ளது. விரைவும் நேர்த்தியும் உடையது. வேற்றுத் தளத்துக்கென எழுதப்பட்டதாயினும் லினக்ஸில் வைன் வழியாக வந்து உட்காரும். பாயிரத்தில் சொன்ன விருந்தோம்பல் இதற்கே. விருந்தினர் சிறந்தவர்தான். ஆனால் அவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது.

காசும் கட்டும் உடையது மூன்றாம் வகை. பெரிய சிப் நிறுவனங்கள் வாங்குவது. விலையை இணையதளத்தில் போடமாட்டார்கள், கேட்டால் ஆளனுப்புவார்கள். இவ்வகையை மாணவர் அடையும் நெறி பெரும்பாலும் களவு. நம் அகப்பொருளில் களவு முதிர்ந்து கற்பாகும். இங்கே அது நிகழ்ந்ததாக யாரும் பாடவில்லை. அலர் தூற்றும் வேலையை லைசென்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும்.

காசு உண்டு, கட்டு இல்லை என்பது நான்காம் வகை. இப்படியும் ஒன்று உண்டோ எனின், உண்டு. ஆரம்ப காலத்தில் பெர்க்லி, காந்த நாடாவுக்கு ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டு ஸ்பைஸைத் தபாலில் அனுப்பியது.

இங்கே ஒரு நுட்பம். மூன்றாம் ஸ்பைஸின் பழைய உரிமம், கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் லாப நோக்கற்ற பயனுக்கும் என்று வரம்பு கட்டியிருந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காக டெபியன் என்னும் லினக்ஸ் பதிப்பு என்ஜிஸ்பைஸை நெடுங்காலம் தன் நடுவீட்டில் விடாமல், கட்டற்றதல்லாதவை என்னும் திண்ணையில் உட்கார்த்தி வைத்திருந்தது. பெர்க்லி உரிமத்தைத் தளர்த்திய பின்னரே சிக்கல் தீர்ந்தது. ஆசாரம் மிகுந்த வீடு.

கட்டின்மையால் பெறும் பயன் என்னை எனின், சுற்று ஓடாதபோது விளங்கும். கட்டுடைய மென்பொருள் ‘டைம்ஸ்டெப் டூ ஸ்மால்’ என்று சொன்னால் அது அசரீரி. கட்டற்ற மென்பொருள் அதையே சொன்னால் அது ஏதோ ஒரு கோப்பில் ஏதோ ஒரு வரி. தேடிப் போய் அதற்கு மேலே என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று படிக்கலாம். படிப்பவர் நூற்றில் ஒருவர் இல்லை என்பது வேறு செய்தி. கோயில் கருவூலத்தைத் தினமும் எண்ணுவாரும் இல்லை. எண்ணலாம் என்ற விதியே காவல்.

இயல் 4: எழுத்தியல்

முதலெழுத் தொன்றே உறுப்பினை உணர்த்தும்;
முதல்வரி எதையும் உணர்த்துதல் இன்றே.

நெட்லிஸ்டில் ஒரு வரியின் முதலெழுத்தே அவ்வரியின் சாதியைச் சொல்லும். ஆர் என்று தொடங்கினால் ரெசிஸ்டர், சி கெப்பாசிட்டர், எல் காயில், டி டயோடு, க்யூ இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர், எம் மாஸ்ஃபெட், வி மின்னழுத்த மூலம், ஐ மின்னோட்ட மூலம். இவை முதலெழுத்துகள். பிறிதோரிடத்து மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பார்த்துத் தான் நடக்கும் மூலங்கள் நான்கு. அவை ஈ, எஃப், ஜி, ஹெச். தனித்து இயங்கும் வலியின்றிப் பிறவற்றைச் சார்ந்து வருதலின் இவை சார்பெழுத்து. எக்ஸ் என்பது பல உறுப்புகள் சேர்ந்த உட்சுற்று, ஆகவே தொகைமொழி. உடுக்குறியில் தொடங்கும் வரி கணினியிடம் பேசுவதன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. கூட்டல் குறியில் தொடங்குவது முந்தைய வரியின் எச்சம்.

இனி வரன்முறை. டயோடுக்கு ஆனோடு முன்னும் கேத்தோடு பின்னும் வரும். இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டருக்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர் என்பதே வரிசை. கடையில் வாங்கும் உருப்படியின் கால் வரிசை இதனோடு ஒக்கலாம், ஒவ்வாமலும் இருக்கலாம். பி.சி.547இல் ஒக்கும். உலோகத் தொப்பி போட்ட 2என்2222இல் எமிட்டர் முதற்காலாக நிற்கும். தொப்பியைப் பார்த்து எழுதியவர் தலைகீழ் டிரான்சிஸ்டரை ஓட்டுவார். அதுவும் ஓடும், மிக மோசமாக.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இம்மொழிக்கு இல்லை. துளையட்டையில் எழுதிய காலத்தில் சிறிய எழுத்தே கிடையாது. அட்டை போய் அரை நூற்றாண்டு ஆகியும், நெட்லிஸ்டின் வரியை ‘கார்டு’ என்றே இன்றும் சொல்கிறார்கள். இந்தக் குறில் நெடில் இன்மையால் விளைந்த கேடு ஒன்று உண்டு. எண்ணை ஒட்டி எம் என்ற எழுத்து எந்த வடிவில் வந்தாலும் மில்லிதான். மெகா வேண்டுவோர் மெக் என்று மூன்றெழுத்தில் எழுதியாக வேண்டும்.

இந்நூலாசிரியர் ஒரு காலத்தில் 1 மெகா ஓம் ரெசிஸ்டரையும் 1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் வைத்து, ஏறத்தாழ ஒரு விநாடி தாமதம் தரும் சுற்று எழுதினார். ரெசிஸ்டரின் மதிப்பை வேலைக்குரிய கம்பீரத்தோடு ஒன்று, எம் என்று போட்டார். சுற்று ஒரு விநாடிக்குப் பதில் ஒரு நானோ விநாடியில் வேலையை முடித்தது. நூறு கோடி மடங்கு சுறுசுறுப்பு. கெப்பாசிட்டரை மாற்றினார், டிரான்சிஸ்டரை மாற்றினார், லினக்ஸையே மாற்றிப் போட்டார். இரண்டு நாள் கழித்து மில்லி ஓம் அகப்பட்டது. அதே போல் 1 ஃபாரட் என்று எண்ணி ஒன்று, எஃப் என எழுதினால் அது 1 ஃபெம்டோ. அதாவது ஒரு ஃபாரட்டில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

முதல்வரி விதி இன்னும் கொடியது. கோப்பின் முதல் வரி எதுவானாலும் அது தலைப்பு. அங்கே பேட்டரியை எழுதினால் பேட்டரி தலைப்பாகிவிடும், சுற்று பட்டினி கிடக்கும். பிழைச்செய்தி ஒன்றும் வராது. தலைப்பைப் பிழை என்று சொல்ல இயந்திரத்துக்கு என்ன உரிமை?

இயல் 5: வினையியல்

காலம் காட்டலும் காட்டா திருத்தலும்
ஏவல் இரண்டன் இயல்பெனப் படுமே.

புள்ளியில் தொடங்கும் வரி ஏவல். இன்ன கணக்கைச் செய் என்று இயந்திரத்துக்கு இடும் கட்டளை. நம் வினைச்சொற்கள் தெரிநிலை, குறிப்பு என இருவகைப்படுவது போலவே இவையும் படும்.

காலத்தை வெளிப்படக் காட்டுவது டிரான். சுற்றுக்கு உயிர் கொடுத்து, நொடியை நூறாயிரமாகப் பிளந்து, ஒவ்வொரு துணுக்கிலும் என்ன நடந்தது என்று அலைவடிவமாக வரையும். ஆகவே அது தெரிநிலை வினை. காலம் காட்டாதன ஓபி, டிசி, ஏசி. இவற்றுள் ஓபி, எல்லாம் அடங்கி நிலைபெற்ற பின் எடுத்த நிழற்படம். டிசி, ஒரு மூலத்தைப் படிப்படியாக உயர்த்தி எடுத்த நிழற்படத் தொகுப்பு. ஏசி, அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் சுற்றின் செவித்திறனைச் சோதிப்பது.

ஏசி குறித்து ஓர் எச்சரிக்கை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், 200 மடங்கு பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 1 வோல்ட் கொடுத்து ஏசி ஓட்டினால், வெளியீடு 200 வோல்ட் என்று இயந்திரம் கண் சிமிட்டாமல் சொல்லும். மாணவர் மகிழ்வர், மின்வாரியம் அஞ்சும். காரணம் இது: ஏசிக் கணக்கில் இறங்கும் முன் இயந்திரம் டிரான்சிஸ்டரின் வளைந்த நடத்தையை, அது நிற்கும் இடத்தில் ஒரு நேர்கோடாக்கிக் கொள்கிறது. நேர்கோட்டுக்குக் கூரை இல்லை. சுவரில் முட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் டிரான் ஓட்ட வேண்டும்.

பேட்டரியின் மின்னோட்டத்தைக் கேட்டால் கழித்தல் குறியோடு விடை வரும். மூலத்தின் நேர்முனைக்குள் நுழைவதே நேர் என்பது ஸ்பைஸின் வழக்கு. மின்சாரம் கொடுக்கும் பேட்டரியில் அது வெளியேறுகிறது, ஆதலால் கழித்தல். கொடுப்பவன் கணக்கில் கழிவது நியாயமே.

வெப்பநிலை சொல்லப்படாவிடில் எல்லாச் சுற்றும் 27 டிகிரி செல்சியஸில் ஓடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழே இருக்கப்போகும் சுற்றுக்கு டெம்ப் என்னும் ஏவலால் உண்மையைச் சொல்லிவிடுதல் அறம்.

இயல் 6: வழுவியல்

நிலமில் வழுவே தொங்கல் வழுவே
ஒருங்கா வழுவே கிளரா வழுவென
நால்வகை வழுவும் எழுதினோர் மேற்றே.

நிலமில் வழுவாவது கிரவுண்ட் இல்லாமை. ஒரு முனைக்குப் பூச்சியம் என்று பெயர் வைத்தே ஆக வேண்டும். மின்னழுத்தம் என்பது இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள வேறுபாடு. கடல் மட்டம் எதுவென்று சொல்லாமல் மலையின் உயரம் கேட்டால் அளப்பவர் என்ன செய்வார்? எல்லா விடையும் சரி, ஆகவே எந்த விடையும் இல்லை.

தொங்கல் வழுவாவது ஒரு முனைக்கு நேர்மின்னோட்டம் போய்வர வழியே இல்லாமை. தொடராக வைத்த இரண்டு கெப்பாசிட்டர்களின் நடுமுனை இத்தகையது. அதன் மின்னழுத்தம் எதுவாகவும் இருக்கலாம் என்று சமன்பாடு சொல்லும். ‘சிங்குலர் மேட்ரிக்ஸ்’ என்று இயந்திரம் சொல்லும். அம்முனையிலிருந்து நிலத்துக்கு 1 ஜிகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டிவிட்டால் அடங்கும். எருமைக்கு நூல் கயிறு போதும், அது கட்டப்பட்டிருக்கிறோம் என்று நம்பினால்.

ஒருங்கா வழுவே வழுக்களில் தலையாயது. டயோடும் டிரான்சிஸ்டரும் வளைந்த நடத்தை உடையவை. அவற்றின் சமன்பாட்டை ஒரே அடியில் தீர்க்க முடியாது. இயந்திரம் ஒரு விடையை ஊகிக்கும், போட்டுப் பார்க்கும், பிழையின் அளவு கண்டு திருத்தி மறுபடி ஊகிக்கும். இது நியூட்டன்-ராஃப்சன் முறை. அடுத்தடுத்த இரு ஊகங்கள் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் நெருங்கினால் ஒருங்கியது என்று கொள்ளும். நூறு முறை முயன்றும் நெருங்காவிட்டால் கையை விரிக்கும்.

இங்கே வழுவமைதி இரண்டு. ஒன்று ஜிமின் படியிறக்கம். ஒவ்வொரு சந்திக்கும் குறுக்கே ஒரு கடத்தியைச் சாரம் போலக் கட்டிச் சுற்றை எளிதாக்கி, விடை கண்டபின் சாரத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்தல். சாரம் முழுதும் போகாது. கடைசியில் லட்சம் கோடி ஓமுக்குச் சமமான ஓர் இழை எஞ்சும். இரண்டு, மூலப் படியேற்றம். எல்லாப் பேட்டரியையும் பூச்சியத்தில் தொடங்கி, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுதல். இவ்விரண்டையும் என்ஜிஸ்பைஸ் தானாகவே முயன்றுவிட்டுத்தான் நம்மிடம் வந்து அழும். ஆகவே அது அழும்போது கடிந்துகொள்ளலாகாது.

கிளரா வழுவாவது அலையியற்றி அலையாமை. இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி விழித்துறங்கும் மல்டிவைப்ரேட்டரைப் பட்டறையில் கட்டினால், மின்சாரம் கொடுத்த உடனே விளக்கு மினுக்கத் தொடங்கும். பொய்ச்சுற்றில் அதே சுற்று அசையாமல் நிற்கலாம். மெய்யுலகில் இரு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் ஒத்திருப்பதில்லை. இரைச்சல் வேறு இருக்கிறது. ஏதோ ஒன்று முந்திவிடும். பொய்யுலகில் இரண்டும் அச்சில் வார்த்தவை. பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்த சம்பந்திகள் போல, “நீங்க கை வைங்க” “இல்ல, நீங்க வைங்க” என்று இலை காயும்வரை இருக்கும். ஐசி என்னும் ஏவலால் ஒருவர் இலையில் முதல் கவளத்தை நாமே வைத்துவிட்டால் பந்தி களைகட்டும். குறையே இல்லாத பொருள் இயங்காது என்ற மெய்ப்பொருளை இவ்வழு உணர்த்தும்.

இயல் 7: திணையியல்

உறுப்புக்கும் வினைக்கும் வழுவுக்கும் இலக்கணம் சொல்லிப் பயன்படுத்துவோனை விடுதல் முறையன்று. அவன் ஒழுக்கம் ஐந்திணையுள் அடங்கும். இதற்குச் சூத்திரம் வேண்டா, உரையே போதும்.

விடை ஒருங்கிய கணம் குறிஞ்சி. புணர்தல் அதன் உரிப்பொருள். திரையில் அலைவடிவம் விரிய, நள்ளிரவு என்றும் பாராமல் அறைத்தோழனை எழுப்பிக் காட்டுதல் நிகழும். நீண்ட டிரான் ஓடிக்கொண்டிருக்க நாற்காலியில் ஆற்றியிருத்தல் முல்லை. விழுக்காடு ஏறுவதைப் பார்த்திருத்தல் இதன் கருப்பொருள், தேநீர் துணைப்பொருள். நேற்று ஓடிய சுற்று இன்று ஒரு மதிப்பு மாற்றியதற்கே முகந்திருப்பிக்கொள்ளுதல் மருதம், ஊடல் உரிப்பொருள். உற்பத்தியாளர் தந்த மாடல் கோப்பு வேறொரு ஸ்பைஸின் வட்டார வழக்கில் எழுதப்பட்டிருத்தல் இவ்வூடலின் பெருங்காரணம். என்ஜிஸ்பைஸில் ஒத்துப்போகும் முறைமை ஒன்று உண்டு, அதை அமைத்தால் பாதி ஊடல் தீரும். சிங்குலர் மேட்ரிக்ஸ் கண்டு இரங்கல் நெய்தல். எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பிரெட்போர்டைத் தேடிப் போதல் பாலை. பிரிந்து சென்றவன் பெரும்பாலும் மூன்றாம் நாள் மீள்வான். கையில் ஒரு கருகிய டிரான்சிஸ்டர் இருக்கும்.

புறனடை

இங்குச் சொல்லா தொழிந்தவை எல்லாம்
சூட்டுக்கோல் முனையில் தெரிந்து கொளலே.

சூட்டுக்கோலாவது சால்டரிங் அயர்ன். இந்தச் சூத்திரத்தால் பட்டறையாரும் சமாதானம் அடைவர். பொய்ச்சுற்று காட்டாத புகையை அவர்கள் காட்டுவார்கள். அவர்கள் காட்ட முடியாத முனையின் அழுத்தத்தைப் பொய்ச்சுற்று காட்டும்.

வழு நான்கும் எழுதினோர் மேற்று என்றோம். அதை மெய்ப்பிக்க இயந்திரத்தைத் திறந்து பார்க்கும் உரிமை வேண்டும். அந்த உரிமை உள்ள இடத்தில்தான் தவறு தன்னுடையது என்று மனமார ஒப்புக்கொள்ள முடியும். மூடிய பெட்டியைப் பயன்படுத்துவோன் பெட்டிமேல் பழி போட்டே காலம் கழிப்பான். கட்டற்ற மென்பொருளை இந்நூல் முன்வைப்பதன் காரணம் இதுவே. விலை இரண்டாம் பட்சம்.

கேட்டோர் செய்ய வேண்டுவது சிறிது. உபுண்டுவோ டெபியனோ இருந்தால் ஆப்ட் என்னும் ஒரே கட்டளையில் என்ஜிஸ்பைஸ் வந்து இறங்கும். ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு டிரான், முடிவில் புள்ளி எண்ட். இவற்றை ஒரு கோப்பில் எழுதி ஓட்டிப் பாருங்கள். முதல் வரியில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதுவதில் அந்த ஒரு வரியை மட்டும் அது ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும்.